"டெர்மினேட்டர் சுடலையா?" என்று கேட்டால் பாட்டு வரிக்குப் பதிலாகிவிடுமா?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்க ராப் பாடகர் ஐஸ்-டியின் 'பாடி கவுன்ட்' இசைக்குழு 1992இல் வெளியிட்ட 'காப் கில்லர்' பாட்டைப் பற்றிப் பட்டிமன்றத்துக்குக் குறிப்பெடுக்கிறேன். போலீஸைக் கொல்லத் தூண்டுகிறது என்று டெக்சாஸ் போலீஸ் சங்கம், இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளியான டைம் வார்னரைப் புறக்கணிக்கச் சொன்னது. ஐஸ்-டி தரப்போ அர்னால்டைக் கைகாட்டியது: டெர்மினேட்டரில் அவர் போலீஸ்காரர்களைக் கொன்று குவித்தபோது ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? இது வாதமா, நழுவலா?

ரீல்மாஸ்டர்:
யாருக்குச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். அன்றைய அமெரிக்க அதிபர் (அப்பா) புஷ்ஷுக்குச் சொன்னால் வாதம்தான். பாட்டைக் கண்டித்த அதே புஷ்தான் 1990இல் அர்னால்டைத் தன் உடற்பயிற்சிக் கவுன்சிலுக்குத் தலைவராக்கினார். இரட்டை அளவுகோல் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் செத்துப்போன போலீஸ்காரரின் மனைவி கேட்டால் இது பதிலே இல்லை. அந்தம்மா கேட்பது வரியைப் பற்றி.

மேடையில் எந்த டெர்மினேட்டர் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குள் புகுந்து சுட்டுத் தள்ளுவது 1984 படம். அதில் அர்னால்டு வில்லன். 1991 படத்தில் போலீஸ் கார்களைச் சல்லடையாக்குகிறார், ஆனால் அவர் கண்ணில் ஓடும் கணக்கு உயிரிழப்பு 0.0 என்று காட்டும். இரண்டாவதைச் சொன்னால் எதிரணி அங்கேயே மடக்கிவிடும். முதல் படத்திலும் அவனை எதிர்த்து நிற்க ஆள் உண்டு. பாட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை 'நான்' மட்டும்தான்.

பழையகேசட்:
இதைவிடச் சுவையான முரண் ஒன்று இருக்கிறது. 1985 செப்டம்பர் 19, அமெரிக்க செனட் விசாரணை. செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் முதலானோர் நடத்திய பெற்றோர் அமைப்பான பிஎம்ஆர்சி, படங்களுக்கு இருப்பதுபோல இசைத்தட்டுக்கும் தரக்குறியீடு கேட்டது. ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா சொன்ன மறுப்பு: நடிகர் கூலிக்கு நடிக்கிறவர், படத்துக்கு என்ன குறியீடு போட்டாலும் அவருக்கு ஒட்டாது, இசைக்காரர் தானே எழுதி, தானே பாடி, அதற்குப் பொறுப்பேற்று நிற்கிறவர், முத்திரை அவர் மேலேயே விழும்.

ஏழு வருஷம் கழித்து அதே துறை "பாட்டில் வருவது நான் இல்லை, ஒரு பாத்திரம்" என்கிறது. குறியீடு வந்தால் சினிமா வேறு, வசை வந்தால் சினிமாவும் நாங்களும் ஒன்று! இரண்டும் வேறு வேறு ஆட்கள் சொன்னவை, அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐஸ்-டிக்கு அநியாயம்.

கடைசிபெஞ்ச்:
'ஐ ஷாட் தி ஷெரிஃப்' ஒப்பீடு? எரிக் கிளாப்டன் பாடி 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததே.

ரீல்மாஸ்டர்:
பாதிதான் பொருந்தும். அது பாப் மார்லி எழுதிய பாட்டு. அதில் வருகிறவன் ஷெரிஃபைத் தற்காப்புக்குச் சுட்டேன் என்கிறான், அவருடைய உதவி அதிகாரியான டெபுட்டியைச் சுடவில்லை என்றும் சாதிக்கிறான். 'காப் கில்லர்' திட்டமிட்டுக் கிளம்புகிறவனின் குரல். ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையாகி லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது அதே வருஷம் ஏப்ரல் கடைசியில். ஆல்பம் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. போலீஸ் அடாவடியால் வெறுத்துப்போனவன் பேசுகிறான் என்று ஐஸ்-டியே சொன்னார். அர்னால்டை இழுக்காமல் அதிலேயே நின்றிருக்கலாம். என் கணக்கில் அதுதான் அவருடைய உருப்படியான பதில்.

சட்டப்புள்ளி:
கோர்ட்டுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1969 பிராண்டன்பர்க் தீர்ப்புப்படி, ஒரு பேச்சைத் தூண்டுதல் என்று தண்டிக்க, உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அது நடந்துவிடும் வாய்ப்பும் இருக்க வேண்டும். பழியைத் தள்ளுவது மறுபக்கமும் நடந்தது: 1992இல் டெக்சாஸில் போலீஸ்காரரைக் கொன்றவன் ராப் பாடகர் டூபாக்கின் கேசட்டைக் காரணம் காட்டினான். ஜூரி மசியவில்லை, மரண தண்டனை. செத்தவரின் குடும்பத்தினர் டைம் வார்னர் மீது போட்ட வழக்கும் 1997இல் தள்ளுபடி.

'காப் கில்லர்' பாட்டை ராப் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கிட்டார் அதிரும் மெட்டல் பாட்டு. அன்றைக்கு அரசியல்வாதிகள் சொன்ன தவறு இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.