வேலை தேடும் செயலியில் பதிவுப் பக்கத்தை எங்கே வைப்பது?

நீலவானம் (கேள்வி):
வணக்கம். வேலை தேடுவோருக்கான செயலி ஒன்றையும் அதனோடு இணைந்த வலைத்தளத்தையும் மூவர் கொண்ட எங்கள் குழு வடிவமைத்து வருகிறது. முன்மாதிரியை ஆறு பேரிடம் கொடுத்து, அவர்கள் பயன்படுத்துவதை அருகில் அமர்ந்து கவனித்தோம். நால்வர் பதிவுப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. பெயர், கைபேசி எண், கல்வி, அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகிய அனைத்தையும் நிரப்பிய பின்னரே வேலைகளின் பட்டியல் தோன்றும்படி அமைத்திருந்தோம். விவரங்கள் முன்கூட்டியே கிடைத்தால் பொருத்தமான வேலைகளை மட்டும் காட்டலாம் என்பது எங்கள் எண்ணம். ஒருவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது என்னைப் பற்றி எதற்கு இவ்வளவு சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். பதிவைப் பின்னுக்குத் தள்ளினால் பரிந்துரைகளின் தரம் குறையும் என்று குழுவில் ஒருவர் அஞ்சுகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி கூறினால் உதவியாக இருக்கும்.

கட்டகம்:
கைபேசியைத் திருப்பிக் கொடுத்தவர் சரியாகவே கேட்டிருக்கிறார். தேடல், பட்டியல், வேலையின் முழு விவரம் ஆகிய மூன்றையும் பதிவின்றித் திறந்து வையுங்கள். "விண்ணப்பிக்க" என்ற பொத்தானை அழுத்தும்போது மட்டும் கணக்கு கேளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வேலை பிடித்திருக்கும், அதனால் விவரம் தருவதற்குக் காரணமும் இருக்கும். பரிந்துரைகளைப் பற்றிய அச்சம் தேவையற்றது. ஒருவர் எதைத் தேடினார், எந்த விளம்பரத்தைத் திறந்து படித்தார் என்பது, படிவத்தில் அவசரமாக நிரப்பியதைவிட அவருடைய விருப்பத்தை நன்றாகக் காட்டும்.

படிவத்தில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, தற்குறிப்பைப் பதிவேற்றச் சொல்லிவிட்டு, அதிலுள்ள அதே விவரங்களை மீண்டும் தட்டச்சு செய்யச் சொல்வது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற, மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல் வழிகாட்டி, ஒரே செயல்முறையில் ஏற்கெனவே கொடுத்த தகவலை மறுபடி கேட்க நேர்ந்தால் அதைத் தானாக நிரப்ப வேண்டும், அல்லது தேர்ந்தெடுக்கும்படி தர வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே விதித்திருக்கிறது. கோப்பிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுக்கும் நிரல், பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்து எழுதிய தற்குறிப்புகளில் அடிக்கடி தடுமாறும். பழைய நிறுவனத்தின் பெயர் கல்லூரியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எடுத்ததைக் காட்டித் திருத்த இடம் கொடுங்கள். பாதி நிரப்பிய படிவத்தைத் தானாகச் சேமிக்கவும் மறவாதீர்கள், ஏனெனில் கைபேசியில் நிரப்புபவருக்கு நடுவில் ஓர் அழைப்பு வந்தே தீரும்.

தேடுசொல்:
பதிவைப் பற்றி மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் கதவைத் திறந்து வைத்த பிறகு தேடல் பெட்டி கைவிட்டால் பயன் இல்லை. ஒருவர் "ஓட்டுநர்" என்று எழுதுவார், இன்னொருவர் "ஓட்டுனர்" என்பார், மூன்றாமவர் "டிரைவர்" என்று தேடுவார். மூவருக்கும் ஒரே பட்டியல் வர வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் சேர்ந்து வருவதால், "கணக்காளருக்கு" என்று தட்டியவருக்கும் "கணக்காளர்" விளம்பரங்கள் கிடைக்கும்படி சொல்லின் அடியைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஐ.எஸ்.சி.ஓ.-08 வகைப்பாடு தொழில்களை 436 அடிப்படைத் தொகுதிகளாகப் பிரித்துள்ளது. அதை உள்ளே முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் மக்கள் வாயில் வழங்கும் பெயர்களை இணைத்துக்கொண்டே போகலாம். அந்த வகைப்பாட்டின் அலுவல் பெயர்களைத் திரையில் அப்படியே காட்டிவிட வேண்டாம். எவரும் அந்தச் சொற்களால் வேலை தேடுவதில்லை.

வடிகட்டிகளில் இடம், சம்பளம், பணி நேரம், அனுபவம் ஆகிய நான்கு முதலில் தெரிந்தால் போதும். ஒவ்வொன்றின் அருகிலும் எத்தனை வேலைகள் எஞ்சும் என்ற எண்ணைக் காட்டினால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு வெற்றுத் திரையில் போய் நிற்கும் நிலை வராது. வலைத்தளத்தில் இந்தத் தேர்வுகள் பக்கத்தின் இணைய முகவரியிலேயே பதிவாக வேண்டும். ஒரு விளம்பரத்தைப் படித்துவிட்டுப் பின்செல்லும்போது, விட்ட இடத்திலேயே பட்டியல் இருக்க வேண்டும்.

மறுபக்கம்:
நான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருப்பவன். விண்ணப்பத்தை அளவுக்கு மீறி எளிதாக்கினால் எங்களுக்குத் தொல்லை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். பொத்தானை ஒருமுறை தட்டியே அனுப்பலாம் என்றால், விளம்பரத்தைப் படிக்காமலே நூற்றுக்கணக்கானோர் அனுப்புகிறார்கள்; பொருத்தமானவர் அந்தக் குவியலில் மறைந்துபோகிறார். நிறுவனம் தானே எழுதும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இடம் கொடுங்கள். இரவுப் பணிக்கு வர இயலுமா என்பதைப் போன்ற கேள்விகள் இரு தரப்பின் நேரத்தையும் காப்பாற்றும்.

காத்திருப்பவர்:
எட்டு மாதங்களாக வேலை தேடி வருகிறேன், அந்த முறையில் எழுதுகிறேன். நீண்ட படிவத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் செலவிட்டு விண்ணப்பித்த இடம் முன்பே நிரப்பப்பட்டுவிட்டது என்று அறிவதுதான் தாங்க முடியாதது. விளம்பரம் வெளியான நாளையும் முடியும் நாளையும் பட்டியலிலேயே காட்டுங்கள், நாள் கடந்ததைத் தாமாகவே நீக்குங்கள். விண்ணப்பித்த பிறகு, நிறுவனம் அதைத் திறந்து பார்த்ததா, நிராகரித்ததா என்ற நிலையும் தெரிய வேண்டும். நிராகரிப்பு வந்தால் அன்றே அடுத்த வேலையைப் பார்க்கலாம். பதிலே இல்லாதபோது நாள்தோறும் செயலியைத் திறந்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டகம்:
இவர் கூறும் முடிவு நாளுக்கு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. பக்கத்தின் தகவல்களைத் தேடுபொறிகளுக்குப் புரியும்படி குறிப்பதற்கான ஸ்கீமா.ஆர்க் தளத்தின் 'ஜாப்போஸ்டிங்' தரவு அமைப்பில், விளம்பரம் எந்த நாள் வரை செல்லும் என்பதைக் குறிக்கும் 'வேலிட்த்ரூ' என்ற புலம் இருக்கிறது, அதைக் கூகுள் தேடுபொறியும் படிக்கும். நிறுவனங்கள் விளம்பரம் இடும்போதே அதைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.

நீலவானம்:
அனைவருக்கும் நன்றி. பதிவுப் பக்கத்தை விண்ணப்பப் பொத்தானுக்குப் பின்னால் நகர்த்துகிறோம், நிறுவனத்தின் கேள்விகளை இரண்டோடு நிறுத்துகிறோம். விண்ணப்ப நிலையைப் பற்றி நாங்கள் ஒரு திரைகூட வரைந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுவனம் பல வாரங்களாக விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லையென்றால், அதை விண்ணப்பித்தவருக்கு எந்தச் சொற்களில் தெரிவிப்பது? மறுபக்கம் அவர்கள் இதைப் பற்றியும் எழுதினால் நன்று.