புது ரூட்டர் வந்தபின் ஸ்மார்ட் பிளக் இணையவில்லை. அம்மாவே சரிசெய்ய வழி உண்டா?

கேட்டவர்:
வணக்கம். ஊரில் அம்மா வீட்டில் கீசருக்கு 16 ஆம்பியர் வைஃபை பிளக்கும், வாசலுக்கு ஸ்மார்ட் பல்பும் இருக்கின்றன. நெட்காரர் ரூட்டரை மாற்றியதிலிருந்து ரெண்டும் ஆப்பில் ஆஃப்லைன். பிளக்கை ரீசெட் பண்ணச் சொன்னேன். லைட் வேகமாகச் சிமிட்டுகிறது, ஆப் சுற்றிச் சுற்றி 'டைம் அவுட்' என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான். பல்பை இன்னும் தொடவில்லை. நான் இருப்பது புனேயில், போனில்தான் சொல்லித்தர முடியும். அம்மாவுக்கு ஆப்பில் வரும் ஆங்கிலம் புரியாது.

பதில் 1:
பல்பைத் தொடவே வேண்டாம். ரீசெட் பண்ணாதவரை பழைய வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் பத்திரமாக இருக்கும். புது ரூட்டருக்கும் அதையே வைத்தால் பல்பு தானாக இணைந்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக்கூடாது.

இந்த வகைச் சாதனங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். புது ரூட்டர்கள் பல, 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் தருகின்றன. போன் 5-இல் இருந்தால் பிளக்கோடு பேச்சு நடக்காமல் போகலாம். இரண்டையும் பிரித்து, 2.4-க்குப் பழைய பெயரை வைக்கச் சொல்லுங்கள். இதை ஆப்பே தமிழில் சொல்லியிருக்க வேண்டும். வெறும் 'டைம் அவுட்' என்றால் யாருக்கு என்ன விளங்கும்?

கேட்டவர்:
நெட்காரர் மாற்றிக் கொடுத்தார். பல்பு தானாகவே வந்துவிட்டது, ரொம்ப நன்றி! பிளக் மட்டும் அடம்பிடிக்கிறது.

பதில் 2:
பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்து, லைட் மெதுவாகச் சிமிட்டும் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போது பிளக்கே ஒரு வைஃபை கொடுக்கும். போனை அதில் சேர்க்க வேண்டும். 'இணையம் இல்லை' என்று போன் எச்சரிக்கும், பலர் இங்கேதான் பயந்து வெளியே வருகிறார்கள். அதிலேயே இருக்கச் சொல்லுங்கள். மொபைல் டேட்டாவை முன்னாடியே அணைத்துவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் போன் அந்தப் பக்கம் தாவிவிடும். ஆண்ட்ராய்டில் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும். வீடியோ காலில் இதைச் செய்ய முடியாது, சாதாரண காலில் பேசுங்கள்.

பதில் 3:
அடுத்து வாங்கும்போது பெட்டியில் 'மேட்டர்' சின்னம் இருக்கிறதா பாருங்கள். பல கம்பெனிகளின் ஸ்மார்ட் சாதனங்களுக்கு 2022-இல் வந்த பொதுத் தரம் அது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வைஃபை விவரம் பெரும்பாலும் புளூடூத் வழியே போய்விடும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் நிம்மதி. ஆனால் அதிலும் பல பிளக்குகள் 2.4 மட்டுமே. அந்தக் கியூஆர் கோடு பெரும்பாலும் பிளக்கின் மேலேயே அச்சாகியிருக்கும். செருகியபின் சுவர்ப்பக்கம் மறைந்துவிடும் என்பதால் முதலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
பிளக் வந்துவிட்டது! மொபைல் டேட்டாதான் தடுத்திருக்கிறது. அம்மாவே முழுக்கச் செய்து முடித்தார். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்து ரூட்டர் மாற்ற யார் வந்தாலும் அதையே போடட்டும்.