லாம்பிக் பீருக்கு 'உறையிடா நொதிப்பு'

வணக்கம்.

லாம்பிக் என்பது காற்றிலும் பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கும் பெல்ஜிய பீர். அது உருவாகும் முறைக்கு (ஆங்கிலத்தில் spontaneous fermentation) முன்மொழியப்பட்டுள்ள 'தன்னிச்சை நொதிப்பு' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. எவர் முயற்சியுமின்றி அது நிகழ்ந்துவிடுகிறது என்ற எண்ணத்தை அச்சொல் தருகிறது. பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் கான்டியோன் என்னும் லாம்பிக் ஆலையின் நடைமுறை இதற்கு நேர்மாறானது.

பால் கான்டியோனும் அவர் மனைவி மரியும் தொடக்கத்தில் பிறர் காய்ச்சிய லாம்பிக்கை வாங்கிக் கலந்து விற்றார்கள். 1930களின் இறுதியில்தான் அங்கேயே காய்ச்சும் பணி தொடங்கியது. பின்னர் மகன்கள், அவர்களுள் மார்செலின் மருமகன் ழான்-பியேர் வான் ரோய், அவருடைய மகன் ழான் என்று தொழில் தொடர்ந்தது. 1978இல் ஆலையே அருங்காட்சியகமாகவும் ஆயிற்று.

பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), மால்ட் ஆக்காத கோதுமை, பீரில் சேர்க்கும் கசப்புப் பூவான ஹாப்ஸ் (நாள்பட்டது) ஆகியவற்றைக் கொண்டு காய்ச்சிய சாற்றை, கூரையடியில் உள்ள அகன்ற, ஆழமற்ற செம்புத் தொட்டியில் இரவு முழுதும் ஆறவிடுகிறார்கள். காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் படிகின்றன. மரப்பீப்பாய்க்கு மாற்றியதும் அம்மரத்தில் வாழ்பவையும் சேர்ந்துகொள்கின்றன. கோடை இரவில் சாறு போதிய அளவு ஆறாது, கெடுக்கும் நுண்ணுயிர்களும் மிகும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். பழ ஈக்களைப் பிடிக்கும் என்பதற்காகச் சிலந்தி வலைகளைக்கூடக் கலைப்பதில்லை. இவ்வளவு கவனத்தோடு நடக்கும் ஒன்றைத் 'தன்னிச்சை' என்பது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் அநீதி.

அவர்கள் செய்யாதது ஒன்றுதான்: வளர்த்தெடுத்த ஈஸ்ட்டைச் சேர்ப்பதில்லை. பாலுக்கு உறை ஊற்றுவது போன்ற அந்த ஒரு செயல் இங்கு இல்லை. ஆகவே 'உறையிடா நொதிப்பு' என்பதே பொருந்தும். ஈஸ்ட் சேர்க்கும் வழக்கமான முறைக்கு 'உறையிட்ட நொதிப்பு' என்ற இணைச்சொல்லும் இயல்பாகக் கிடைக்கிறது. உறை என்றால் மூடி என்றும் பொருள்படுமே என்று கேட்கலாம். நொதிப்பை அடுத்து வரும்போது அந்த மயக்கத்துக்கு இடமில்லை. 'காற்றுவழி நொதிப்பு' என்ற மாற்றுச்சொல் பீப்பாயின் பங்கை விட்டுவிடுகிறது.

அந்தச் செம்புத் தொட்டிக்குக் 'குளிரூட்டுத் தொட்டி' என்ற பெயரும் வேண்டாம். அது இயந்திரத்தை நினைவூட்டும். சாறு தானாக ஆறுவதற்கென்றே அமைந்த அதனை 'ஆறல் தொட்டி' எனலாம் என்று முன்மொழிகிறேன்.