புதுப்பிப்பு: 'சம்பந்தி'க்கு ஆங்கிலத்தில் என்ன எழுதினேன்

போன மாதம் நான் கேட்டது இதுதான்: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் சம்பந்தியும் ஒன்றாகப் போகிறோம், விசாவுக்கான கடிதத்தில் அவர் எனக்கு என்ன உறவு என்று எழுதுவது? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விசா இருவருக்குமே வந்துவிட்டது.

முதலில் 'கோ-ஃபாதர்-இன்-லா' என்றுதான் எழுதினேன், பலரும் அதையே சொல்லியிருந்தீர்கள், இங்கே மாம்பலத்தில் யாரிடம் சொன்னாலும் புரியவும் செய்கிறது. ஆனால் மகள் தன் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலேயரிடம் காட்டியபோது, என் மனைவிக்கு இரண்டு அப்பாக்களா என்று அவர் கேட்டிருக்கிறார்! வெறும் 'இன்-லா' என்று போட்டால் மச்சானா மாமனாரா என்பதே தெரியாது. அப்புறம் ஒருவர் சொன்னபடி, சொல்லைத் தேடாமல் உறவையே விரித்து 'மை டாட்டர்ஸ் ஃபாதர்-இன்-லா', அதாவது என் மகளின் மாமனார், என்று எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சம்பந்தியம்மா என்றால் 'மதர்-இன்-லா', மகன் வழி என்றால் 'மை சன்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சகலைக்கு நாம் சொல்லும் 'கோ-பிரதர்' கூட அங்கே பலருக்குப் புரியாதாம், 'மனைவியின் சகோதரி கணவர்' என்றே எழுதுங்கள்.

நான் எதிர்பாராதது, ஸ்பானிஷில் சம்பந்திக்கு 'கொன்சுவேக்ரோ' என்று ஒரே சொல் இருக்கிறது. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலும் உண்டு. சம்பந்தியிடம் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம், இரண்டு நாளாக என்னை 'கொன்சுவேக்ரோ' என்றுதான் கூப்பிடுகிறார்.