செவ்வாய்க்கிழமை பிள்ளைங்கள யாரு ஏத்திட்டு வர்றது?

சுங்கை சிப்புட் (மலேசியா) மாதர் குழு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:05

கமலா பாட்டி: காலை வணக்கம் [முருகன் படம்]

கமலா பாட்டி: [முருகன் படம்]

சரசு: பாட்டி, ரெண்டு தடவ வந்துருச்சு

கமலா பாட்டி: ஒன்னு உனக்கு, ஒன்னு உன் வீட்டுக்காரருக்கு. அவருக்குத்தான் ரொம்பத் தேவ

7:38

மலர்: வேன்கார மாமாவ நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்க. கால் புண்ணு. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) ஏறிப் போச்சாம். ஈப்போவுக்கு அனுப்பிட்டாங்க, பெருவிரல எடுக்கணும்ங்கிறாங்க.

தேவி: ஐயோ

லெட்சுமி: முருகா. அத்தை கூட யாரு இருக்கா

மலர்: பெரியவன் கோலாலம்பூர்லேர்ந்து வந்துட்டான்

வள்ளி: போன வாரம்தான் கேட்டேன், ஏன் மாமா நொண்டுறீங்கன்னு. செருப்பு கடிச்சிருச்சுன்னாரு. அந்த மனுஷன் வலின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

சரசு: 2024 ஜூன்ல டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளிலேர்ந்து (ரிங்கிட்) 3.35 ஆச்சே, அப்பக்கூட நம்மகிட்ட ஒரு காசு ஏத்தல. நான் குடுத்தேன், வேணாம்னுட்டாரு. ஒரு ராத்திரிக்கு 30 வெள்ளி, அவ்வளவுதான்.

மலர்: சாயங்காலம் ஈப்போ போறேன். யாரு வர்றீங்க

லெட்சுமி: நான்

வள்ளி: நானும். கஞ்சி வெச்சு எடுத்துக்கிறேன்

மலர்: இன்னொன்னு. மண்டபத்துல நாம நடத்துற செவ்வாய், வியாழன் ராத்திரி வாசிப்பு வகுப்புக்குத் தோட்டத்துப் பிள்ளைங்கள இனிமே யாரு ஏத்திட்டு வர்றது? பதினாறு பேரு. மாமா இப்போதைக்கு வேன் எடுக்க முடியாது.

8:02

வள்ளி: இந்த மாசம் நிப்பாட்டிருவோமே. எப்படியும் பள்ளி லீவு வரப்போவுது. ஜனவரியில பேக் குடுக்கிற அன்னிக்கு எல்லாரையும் வரவெச்சு, அங்கேர்ந்து புதுசா ஆரம்பிக்கலாம்.

சரசு: எந்த பேக் அண்ணி

வள்ளி: போன கூட்டத்துல சொன்னேனே. மருமக கம்பெனியில பாதி விலைக்குத் தர்றாங்க. நம்ம பங்கு ஒரு பேக்குக்கு 15 வெள்ளி. நூறு பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம். மண்டபத்துல மேடை போட்டு நல்லபடியா செய்யலாம்.

சரசு: போன கூட்டத்துக்கு நான் வரலையே

வள்ளி: வராதது யாரு தப்பு

சரசு: தண்ணி வரல அன்னிக்கு. வீட்டுல ஒரு வாளி கூட இல்ல

தேவி: எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இன்னிக்கும் வரல

லெட்சுமி: இங்க வருது ஆனா செம்மண்ணு மாதிரி

சரசு: தீவாளி முறுக்கு வித்த காசு, நன்கொடை எல்லாம் சேத்து கையில 1,860 வெள்ளி இருக்கு. பேக்குக்கு 1,500 போனா மிச்சம் 360. நேத்து வெளி வேன் ஒன்னு விசாரிச்சேன், ஒரு ராத்திரிக்கு 60 கேக்குறான். மாசம் எட்டு ராத்திரி, 480. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

வள்ளி: நேத்தே விசாரிச்சியா? மாமா படுத்தது மலருக்கே ராத்திரிதானே தெரியும்

சரசு: வெள்ளிக்கிழமயே அத்தை சொன்னாங்க, கால் வீங்கியிருக்குன்னு. காசு வெச்சிருக்கிறவ முன்கூட்டியே விசாரிக்கணும்.

வள்ளி: சரி சரி

8:20

பிரியா: அக்கா, அத்தை எல்லாருக்கும் வணக்கம். நான் தஞ்சோங் மாலிம்லேர்ந்து நாளைக்கு வர்றேன், ஸ்டடி லீவு. செவ்வாய் கண்டிப்பா மண்டபத்துல இருப்பேன். தயவு செஞ்சு நிப்பாட்டாதீங்க.

பிரியா: அந்த நாலாம் ஆண்டு பையன் இருக்கானே, தமிழ் கடகடன்னு வாசிப்பான். மலாய் வாசிக்கச் சொன்னா விரல எழுத்துக்குக் கீழ வெச்சு அப்படியே உக்காந்துருப்பான். 'bunga'ன்னு எழுதிப் பூ படம் போட்டிருக்கும், 'புங்கா'ன்னு வாசிக்கணும், அவன் புன்-கா, புன்-கான்னு வாசிப்பான். n, g ரெண்டு எழுத்தும் சேந்தா ஒரே சத்தம்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. போன வியாழன்தான் பிடிச்சான். 'புரோங்' (பறவை), 'தாங்கான்' (கை), 'பிசாங்' (வாழைப்பழம்), அவனாவே தேடித் தேடி வாசிச்சான். வேன்ல ஏறுற வரைக்கும் கடை போர்டெல்லாம் வாசிச்சுக்கிட்டே போனான். இப்ப ஒரு மாசம் விட்டா மறுபடியும் விரல வெச்சுக்கிட்டு உக்காந்துருவான்.

தேவி: அது என் மகன்தான் 🙏

தேவி: வீட்டுல அரிசி மூட்டையெல்லாம் வாசிக்கிறான்

லெட்சுமி: 😭😭

கமலா பாட்டி: [குரல் பதிவு 3:51]

சரசு: பாட்டி, கறி வெட்டிக்கிட்டிருக்கேன். அப்புறம் கேக்குறேன்

8:46

டீச்சரம்மா: அன்புச் சகோதரிகளுக்கு வணக்கம். வேன்காரத் தம்பி விரைவில் குணமடைய இறைவனை வேண்டுகிறேன். பை கொடுப்பதா, வேனுக்குக் கொடுப்பதா என்ற பேச்சைப் படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் என்ற அரசாங்கப் பரீட்சை இருந்தது. பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் அங்கே தெரிந்துவிடும், தாய்தகப்பனும் விழித்துக்கொள்வார்கள். 2021-இல் அதை எடுத்தார்கள். 2022-இல் படிவம் மூன்றின் பிடி3 பரீட்சையையும் எடுத்தார்கள். பரீட்சைப் பயத்தில் பிள்ளைகள் அழுததை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன், அதனால் எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை இப்போது ஒரு சத்தமும் இல்லாமல் மேலே மேலே போய்விடுகிறது. தேசிய மொழி பிடிபடாமல் ஆறாம் ஆண்டை முடித்தால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டும். கூட்டாளிகளெல்லாம் படிவம் ஒன்றுக்குப் போயிருக்க, தான் மட்டும் பின்தங்கிய வெட்கத்தில் அந்த வருடத்திலேயே பள்ளியை விட்ட பையன்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதற்கு மேலே படிவம் ஐந்தின் எஸ்பிஎம் பரீட்சை. அங்கே மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. வரலாற்றுத் தாளும் மலாயில்தான்! பைக்கு வழி இருக்கிறது. பள்ளித் தொடக்க உதவிப் பணம் 2023-இல் எல்லா மாணவருக்கும் 150 வெள்ளி என்று ஆனது, வருமானம் பார்ப்பதில்லை. ராத்திரி ஏழு மணிக்குத் தோட்டத்திலிருந்து பிள்ளையை ஏற்றி வந்து, பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துக் கூட்டிச் சொல்லித்தர எவரும் பணம் கொடுப்பதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

சரசு: 👏

மலர்: இதத்தான் டீச்சர் நானும் சொல்ல வந்தேன்

லெட்சுமி: டீச்சர், சாயங்காலம் வாசிக்கிறேன். அடுப்புல பால்

வள்ளி: டீச்சர் சொல்றது சரிதான். ஆனா புதுப் பேக் மாட்டிக்கிட்டுப் போறப்ப ஒரு பிள்ளைக்கு வர்ற சந்தோஷமும் வேணும். நான் சின்னதுல அரிசிப் பையில புத்தகம் கொண்டு போனவ. அந்தப் பையில ஒரு மாட்டுப் படம் இருக்கும், பையனுங்க என்ன மாடு மாடுன்னு கூப்புடுவானுங்க. 150 வெள்ளி வாங்குற வீட்டுல மூனு பிள்ளைங்க இருந்தா, சட்டை, சப்பாத்து, புத்தகம் போக பேக்குக்கு மிஞ்சுமா?

மலர்: வள்ளி அக்கா சொல்றதும் நியாயம்தான்

டீச்சரம்மா: உண்மை வள்ளி. நூறு பிள்ளைகளில் யாருக்கு இல்லையோ அவர்களுக்கு மட்டும் கொடுப்போம். மேடை வேண்டாம். வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

வள்ளி: கம்பெனிக்காரங்க படம் கேப்பாங்க டீச்சர்

சரசு: பேக்க மட்டும் படம் புடிச்சு அனுப்புங்க

9:15

தேவி: என் வீட்டுக்காரர் முதலாளிகிட்ட லோரி கேக்கவா? பின்னாடி தார்ப்பாய் போட்டு ஏத்திட்டு வரலாம்

சரசு: செம்பனை லோரியா?

தேவி: கழுவிட்டுத்தான்

டீச்சரம்மா: வேண்டவே வேண்டாம் தேவி. மழை, இருட்டு, செம்மண் ரோடு. லோரி பின்னால் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. தோட்டத்து லோரி கவிழ்ந்து நம்மவர்கள் செத்தது கொஞ்சமா?

தேவி: சரி டீச்சர்

மலர்: என் மைவி காருல நாலு பிள்ளைங்க ஏறலாம். சரசு அக்கா வீட்டு அவான்சா?

சரசு: மச்சான்கிட்ட கேக்கணும்

கமலா பாட்டி: அதுக்குத்தான் ரெண்டாவது முருகன் அனுப்புனேன்

லெட்சுமி: 🤣🤣 பாட்டி

வள்ளி: என் சின்னவன் எக்ஸோரா வெச்சிருக்கான். செவ்வாய் வரச் சொல்றேன். வியாழன் அவனுக்கு ஷிப்ட்டு வேலை.

சரசு: அண்ணி, நெசமாவா?

வள்ளி: ஏன், நான் சொன்னா நெசமா இருக்காதா? கல்யாணத்துல சோறு பத்தாததுக்கும் நான்தான் காரணம்னு இன்னும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்க.

சரசு: நான் எப்ப சொன்னேன். பந்தி கணக்குப் பாத்தது அண்ணன்னுதான் சொன்னேன்

வள்ளி: அது என் வீட்டுக்காரர்தானே

லெட்சுமி: அன்னிக்கு நான் அண்டாவோட ஓடி வந்து பொங்கிப் போட்டேன். அது யாருக்கும் ஞாபகம் இல்ல

லெட்சுமி: அண்டான்னதும்தான் நெனப்பு வருது. என் பெரிய இட்லி குண்டான் யாரு வீட்டுல இருக்கு? பொங்கலுக்குக் குடுத்தது. மூடியில சிவப்பு பெயிண்ட்டு

மலர்: மண்டபத்து ஸ்டோர்ல பாத்தேன்

லெட்சுமி: அது கோயில் குண்டான். எனக்கு என் குண்டான் தெரியாதா

9:40

மலர்: பாட்டி குரல் பதிவ யாராச்சும் கேட்டீங்களா? நான் இப்பதான் கேட்டேன். எல்லாரும் கேளுங்க, முக்கியம்.

பிரியா: நேரமில்லாதவங்களுக்குச் சுருக்கமா: தோட்டத்துல பழைய ஆயாக்கொட்டகை, அதான் வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம், சும்மாதான் கெடக்குதாம். பாட்டி ஆயாவா இருந்த எடம். கூரை நல்லா இருக்கு, தரை சிமெண்ட்டு. பிள்ளைங்கள ஏன் டவுனுக்கு இழுக்கிறீங்க, நீங்க அங்க போங்கங்கிறாங்க.

தேவி: ஆமா இருக்கு. இப்ப மட்டைய போட்டு வெச்சிருக்காங்க

சரசு: அட

கமலா பாட்டி: காலையில நாலரைக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறது. அதுக்கு முன்ன தூங்குற பிள்ளையக் கொண்டாந்து என்கிட்ட போட்டுட்டுப் போவாளுங்க. தொட்டி தொட்டியா தூளி கட்டி வெச்சிருப்பேன். வள்ளிய தூக்கி வெச்சிருக்கேன். ரொம்ப அழுவா

வள்ளி: பாட்டி!

டீச்சரம்மா: கமலாக்கா சொன்னது மிக நல்ல யோசனை. நம் தோட்டப் பள்ளிகளே அப்படி வந்தவைதானே. ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் இருந்தது. கொட்டகையில், கோயிலில், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுத் திண்ணையில் எல்லாம் பள்ளி நடந்தது. நம்முடைய டவுனிலேயே 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்தார், ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் எழுப்பிய பள்ளி அது. பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, அதே சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து லயம் லயமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். என் தாயார் ரப்பர் பால்வெட்டுச் சம்பளத்தில் கொடுத்தார். பத்து வெள்ளி அன்று சின்னக் காசு இல்லை, வீட்டில் சண்டையே நடந்தது. கையில் இல்லாத காலத்திலேயே நம் பெண்கள் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சரசு: எங்கம்மாவும் குடுத்துச்சு டீச்சர். பங்குப் பத்திரம் இன்னும் அலமாரியில இருக்கு

மலர்: கொட்டகைக்கு யாருகிட்ட கேக்கணும்?

தேவி: மேனேஜர்தான். மொதல்ல பெரிய கிராணிகிட்ட சொல்லணும். நாளைக்குச் சம்பளச் சீட்டு வாங்கப் போறேன், கேக்குறேன்

பிரியா: லைட் இருக்கா தேவிக்கா?

தேவி: வயர் இருக்கு. கரண்ட் வருமா தெரியல

டீச்சரம்மா: வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டாம். நான் மலாயில் கடிதம் எழுதித் தருகிறேன். நாள், நேரம், பிள்ளைகள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும்.

10:05

தேவி: டீச்சர், இன்னொரு விசயம். எங்க லயத்துக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்துருக்கு. மகளுக்கு ஆறு வயசு. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இல்லையாம்

மலர்: எங்க பொறந்துச்சு?

தேவி: ஆஸ்பத்திரியிலதான். அப்பன் விட்டுட்டுப் போயிட்டான், அம்மா பதியவே இல்ல

டீச்சரம்மா: ஆஸ்பத்திரியில் பிறந்தது பெரிய நல்ல காரியம். பிறந்ததற்கு அவர்கள் கொடுத்த சீட்டு, தாயின் ஐசி (அடையாள அட்டை), கர்ப்ப காலத்துக் கிளினிக் புத்தகம், ஊசி போட்ட புத்தகம், எது இருந்தாலும் ஒரு பைக்குள் போடச் சொல். தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். தாமதப் பதிவுக்கு நாளாகும், கேள்வி கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள். பயப்படக் கூடாது. முதலாம் ஆண்டுக்குப் பெயர் கொடுக்கும்போது அந்தப் பத்திரம் கேட்பார்கள், அதனால் இந்த வாரமே போக வேண்டும்.

மலர்: புதன்கிழமை நான் ஆப் டே. கோலகங்சார் பதிவிலாகாவுக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அந்த அம்மா தனியா போனா கவுண்டர்ல ஒரு வார்த்த சத்தமா பேசினா திரும்பி வந்துரும்.

தேவி: ஆமாக்கா. ரொம்ப பயந்த பொண்ணு. வீட்ட விட்டு வெளியவே வராது

மலர்: இன்னிக்கு ராத்திரி நானே வந்து பேசுறேன்

வள்ளி: அந்தப் பிள்ளைக்கு மொத பேக் என் கணக்குல. கம்பெனி பேக் இல்ல, நானே வாங்குறேன்

சரசு: ❤️ அண்ணி

10:31

மலர்: சரி, முடிவு பண்ணிக்குவோம். இந்த செவ்வாய் மூனு காடி (கார்). என் மைவி, வள்ளி அக்கா மகன் எக்ஸோரா, சரசு அக்கா அவான்சா. ஆறரைக்கு லயத்து மாரியம்மன் கோயில் முன்னாடி. பிள்ளைங்கள நெருக்கி ஏத்தாதீங்க, பெல்ட் போடணும்.

சரசு: அவான்சா இன்னும் சரின்னு சொல்லல. மச்சான் தூங்குறாரு

வள்ளி: எழுப்பு

சரசு: நீங்க வந்து எழுப்புங்க

மலர்: வேன்கார மாமாவுக்கு என்ன குடுக்கிறது? நிதியிலேர்ந்து 200 குடுக்கலாமா?

சரசு: நிதியில கை வைக்க வேணாம், அது பிள்ளைங்க காசு. ஆளுக்குப் பத்து வெள்ளி போடுவோம். நான் 50 எழுதிக்கிறேன்.

லெட்சுமி: 20

தேவி: 10. சம்பளம் வந்ததும்

பிரியா: 10

டீச்சரம்மா: நூறு. பெயர் போட வேண்டாம்.

வள்ளி: 50. பேக் விசயத்த அடுத்த கூட்டத்துல பேசுவோம். நான் இன்னும் விடல

மலர்: பேசுவோம்க்கா

சரசு: கூட்டம் எப்ப

மலர்: வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு?

லெட்சுமி: வெள்ளிக்கிழமை எனக்கு முடியாது. சனிக்கிழமை?

வள்ளி: சனிக்கிழமை தங்காச்சி மகளப் பொண்ணு பாக்க வர்றாங்க

சரசு: எந்தத் தங்காச்சி? எங்களுக்குச் சொல்லவே இல்ல

வள்ளி: இன்னும் முடிவாகல, அதான்

கமலா பாட்டி: மாப்பிள்ள எந்த ஊரு

வள்ளி: தெலுக் இந்தான் பாட்டி

கமலா பாட்டி: [குரல் பதிவு 2:20]

10:58

சரசு: மச்சான் எழுந்துட்டாரு. செவ்வாய்க்குச் சரிங்கிறாரு. வியாழன் இன்னும் தெரியாது.

பிரியா: நன்றி அத்தை! பிள்ளைங்களுக்குப் பசிக்கும், சுண்டல் யாரு?

லெட்சுமி: நான் செய்றேன். கொண்டக்கடல இருக்கு, தேங்காதான் இல்ல

தேவி: தேங்கா நான் கொண்டாறேன், லயத்துல நெறைய விழுந்து கெடக்கு

லெட்சுமி: ரெண்டு போதும். அப்படியே யாரு வீட்டுலயாச்சும் சிவப்பு பெயிண்ட் மூடி இருக்கான்னு பாரு