கயாக்கிலிருந்து ஏரிப் பறவைகளைப் படம் எடுக்க யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வேலூரிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி மழையில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியதிலிருந்து கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். கரைமேல் நின்றால் பறவையின் முதுகுதான் கிடைக்கும். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்தால் அதன் கண்ணுக்கு நேராக லென்ஸ் இருக்கும். போன வாரம் ஒரு முக்குளிப்பான் பக்கத்திலேயே மூழ்கி எழுந்தது. அலகு நுனியில் தொங்கிய நீர்த்துளிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. படம்தான் கலங்கிப் போனது.

துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்குவதற்குள் வாடைக்காற்று கயாக்கைத் திருப்பிவிடுகிறது. 400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/1000 நொடி. வேகத்தை இன்னும் கூட்ட வேண்டுமா? சின்ன நங்கூரம் போட்டால் அந்தச் சத்தத்துக்கு ஊசிவால் வாத்துகள் எழும்பிவிடுமா? வட ஆசியா வரை திரும்பிப் பறக்க வேண்டிய பறவைகள் அவை. என் படத்துக்காக அவற்றின் இரை தேடும் நேரம் கெடக் கூடாது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறீர்கள்?

அப்புறம், கோடையில் நீர் வற்றிச் சேறானால் கயாக் நகராது. அந்த மாதங்களில் கரையிலிருந்தே தாழ்வான கோணம் கிடைக்க என்ன செய்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.