வாசெக்டமி (ஆண் கருத்தடை ஒப்பரேஷன்): குழாயை நூலால கட்டி வெட்டினா மட்டும் போதுமா?

கல்முனை_தியேட்டர்:
வணக்கம் சேர்மார். நோ-ஸ்கல்பல் முறையில (கத்தியால கீறாம, சின்னத் துளையால) விந்துக் குழாயைப் பிடிச்சு வெளியில எடுக்கிறது பிரச்சினையில்லை. அதுக்குப் பிறகுதான் கேள்வி. நூலால ரெண்டு இடத்தில கட்டி நடுவில 1 செ.மீ. எடுத்தாப் போதும் என்கிறாங்க சிலர், 3 செ.மீ. எடு என்கிறாங்க வேற சிலர். எது சரி?

வாவிக்கரை:
தம்பி, நீளத்தைக் கூட்டிப் பெரிய லாபமில்லை. ரத்தக்கட்டும், பின்னாளில திரும்பப் பொருத்துறது கஷ்டமாகிறதும்தான் மிச்சம். 1 செ.மீ. தாராளம். வில்லங்கம் நூலில. இறுக்கிக் கட்டினா முனை அழுகி உதிர்ந்து வாய் திறந்திடும், விந்து கசிஞ்சு கட்டியாகும், அதுக்குள்ளால புதுப் பாதை விழும். 2004 இல வந்த ஆய்வில கட்டி வெட்டினது மட்டும் 12.7%, அதோட குழாயைச் சுத்தியிருக்கிற சவ்வு உறையை வெட்டின ரெண்டு முனைக்கும் இடையில வச்சது 5.9% தோல்வி. அது விந்துப் பரிசோதனைக் கணக்கு, கர்ப்பக் கணக்கில்லை.

ஊசிமுனைக் கோட்டரியை (சூட்டால சுடுற கருவி) குழாயின் வெட்டின வாய்க்குள்ள விட்டு உள்சவ்வை மட்டும் சுடுங்க. சுவர் முழுக்க வெந்தா அதுவும் உதிர்ந்திடும். பிறகு ஒரு முனையைக் குழாயின் உறைக்குள்ள போக விட்டு, மற்றது வெளியில நிற்க, உறையின் வாயைக் கட்டுங்க. சுடுறதும் உறையும் ரெண்டும் சேர்ந்தாத்தான் பலம்.

கல்முனை_தியேட்டர்:
கோட்டரி இல்லாத நாளில?

வாவிக்கரை:
கட்டும் உறையும் கட்டாயம். அதைவிட முக்கியம், ஒரே துளைக்குள்ளால ரெண்டு பக்கக் குழாயையும் எடுக்கிறதால ஒரே குழாயை ரெண்டு தரம் வெட்டுற ஆபத்து இருக்கு. வெட்ட முதல் மெதுவா இழுத்துப் பாருங்க, அந்தப் பக்க விதை அசையவேணும். ஒப்பரேஷன் தியேட்டர் ஏசிக் குளிரையும் குறைச்சு வையுங்க. குளிருக்கு விதைப்பை சுருங்கினா குழாய் விரலுக்குள்ள நிக்காது.

அக்கரைப்பற்று_லேப்:
பிறகு செய்யிற விந்துப் பரிசோதனையைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. 3 மாதத்தில மாதிரி வேணும், அதுவரைக்கும் கொண்டம். எடுத்து 2 மணித்தியாலத்துக்குள்ள, மெஷினில போட்டுச் சுழற்றாம அப்படியே பார்க்கவேணும். பொத்துவில்லேருந்து பஸ்ஸில கொண்டுவந்தா நேரம் வழியிலேயே போயிடும், லேப்பிலேயே எடுக்கச் சொல்லுங்க. விந்தணுவே இல்லாட்டி, அல்லது அசையாதது மட்டும் மில்லிலீட்டருக்கு 100,000 அல்லது அதுக்குக் கீழ இருந்தா கொண்டத்தை விடலாம். 6 மாதத்துக்குப் பிறகும் அசையுறது கண்டா தோல்வி, திரும்பச் செய்யவேணும்.